மீசை வரையாத வகுப்பு

ஜூலை 9

குருவிக்கு,

நலமா என்று கேட்கப்போவதில்லை. அதைக் கேட்டுச் சம்பளம் வாங்குகிறவள் நான். அண்ணன் மகளிடமும் அதையே கேட்டால் வேலையும் வீடும் ஒன்றாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை உன் ஹாஸ்டலுக்குப் போன் செய்யலாம் என்றால் வார்டன் அம்மா பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பார். கடிதங்களைப் பிரிப்பதில்லை என்று நீதான் சொல்லியிருக்கிறாய். அதனால் எழுதுகிறேன்.

போன மாதம் உங்கள் பள்ளியில் எங்கள் பல்கலைக்கழகத்தின் மனநல வினாத்தாளைக் கொடுத்தார்கள் அல்லவா? சொந்தக்காரப் பெண் படிக்கிற இடம் என்பதால் நான் வரவில்லை. வேறு இரண்டு பேரை அனுப்பினேன். தாள்கள் இப்போது என் மேசையில் இருக்கின்றன.

உங்கள் வகுப்பு, அதாவது பத்து பி, மற்ற வகுப்புகளைவிட மிக மகிழ்ச்சியாக இருக்கிறது. உங்கள் தலைமையாசிரியை போனில், "எங்க பத்து பி பிள்ளைங்க தங்கம் மேடம், அறிவிப்புப் பலகையிலேயே போட்டுட்டோம்" என்றார். நான் வாழ்த்துச் சொல்லவில்லை.

காரணம் இது. தாளின் தலைப்பில் ஒரு சிரிக்கும் முகம் அச்சாகியிருக்கும். எந்த ஊரில் கொடுத்தாலும் வகுப்புக்குப் பத்துப் பேராவது அதற்கு மீசை வரைவார்கள், கண்ணாடி மாட்டுவார்கள். சிலர் ஒரே கேள்விக்கு இரண்டு கட்டத்தில் டிக் போடுவார்கள். சிலர் பாதியில் சலித்துப்போய்க் கடைசிப் பக்கத்தைத் தொடாமலே கொடுத்துவிடுவார்கள். பத்து பி-யில் ஒரு மீசைகூட இல்லை. எல்லோரும் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லியிருக்கிறீர்கள். எல்லோருக்கும் அதே நான்கு கேள்விகளில் மட்டும் 'சில நாட்கள்' சிரமம். 'நன்றாகத் தூங்குகிறேன்' என்பது போலத் தலைகீழாக எழுதப்பட்ட கேள்விகளில்கூட ஒருவரும் தடுமாறவில்லை.

இரண்டு கோடை விடுமுறைக்கு முன்பு என் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அந்தக் கேள்விகளை என்னோடு சேர்ந்து திருத்தியவள் நீ. 'எனக்குப் பசியின்மை உள்ளது' என்று நான் எழுதியிருந்ததைப் பார்த்து, "எந்தப் பிள்ளை அத்தை இப்படிப் பேசும்? 'தட்டில் மிச்சம் வைக்கிறேன்'னு போடுங்க" என்றாய். எதற்கு எத்தனை மதிப்பெண், எந்த எல்லையைத் தாண்டினால் ஆலோசகரிடம் அனுப்புவோம் என்றெல்லாம் நீ கேட்டாய். நானும் சொன்னேன்.

வகுப்புக்குச் சொல்லிக்கொடுத்தாயா?

உன் அப்பாவிடம் இதைப் பற்றி நான் எதுவும் பேசவில்லை.

அத்தை

ஜூலை 14

அன்புள்ள அத்தைக்கு,

'நான் இங்கு நலம், தாங்கள் அங்கு நலமா' என்று தொடங்காவிட்டால் எங்கள் தமிழ் டீச்சர் இரண்டு மதிப்பெண் குறைப்பார். காய்ச்சலில் படுத்திருந்தாலும் நாங்கள் நலம்தான். இந்த விஷயத்தில் எங்களுக்குப் பழக்கம் போதும்.

ஆமாம், சொல்லிக்கொடுத்தேன். படிப்பு அறையில், முந்தின நாள் சாயங்காலம். "எல்லாத்துக்கும் 'இல்லவே இல்லை'ன்னு போட்டா மாட்டிப்போம்டி. நாலே நாலுக்கு மட்டும் 'சில நாட்கள்' போடுங்க. தூக்கம், பரீட்சை பயம், கோபம், தலைவலி. அதெல்லாம் எல்லாருக்கும் இருக்கும்" என்றேன். பின் பெஞ்சுக்காரி ஒருத்தி, "எனக்குத் தலைவலியே வராதே, வேற ஏதாவது குடேன்" என்றாள். "கஷ்டத்தைக்கூட பேரம் பேசி வாங்குறா பாரு" என்று எல்லோரும் சிரித்தார்கள். மீசையைப் பற்றி எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் பத்துப் பேரை வரையச் சொல்லியிருப்பேன்.

ஏன் செய்தேன் என்று நீங்கள் கேட்கவே இல்லை. கேட்டிருக்கலாம்.

போன வருடம் இதே தாளை நிரப்பினோம். இரண்டு வாரம் கழித்து, கணக்குப் பாடம் பாதியில் ஓடிக்கொண்டிருந்தபோது ஆபீஸிலிருந்து மஞ்சள் சீட்டு வந்தது. மூன்று பெயர்கள். டீச்சர் சத்தமாக வாசித்தார். "போங்கம்மா, ஆலோசகர் மேடத்தைப் பாத்து மனசைச் சரி பண்ணிக்கிட்டு வாங்க. கணக்கு எங்கயும் ஓடிப்போகாது." வகுப்பே திரும்பிப் பார்த்தது. அந்த மூன்று பேரில் ஒருத்திக்குத் தூக்கம் வராததற்குக் காரணம் முதுகில் வந்த சொறி. ஆலோசகர் அவளிடம் என்ன கனவு வருகிறது என்று கேட்டாராம். இன்னொருத்தியை அதற்குப் பிறகு யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. 'மஞ்சள்' என்றே கூப்பிட்டார்கள். வருடக் கடைசியில் வேறு பள்ளிக்குப் போய்விட்டாள். அவள் எதற்காக அந்தக் கட்டங்களில் டிக் போட்டாள் என்று எங்களுக்குக் கடைசிவரை தெரியாது.

உங்கள் தாளின் முதல் வரி: 'உங்கள் பதில்களை யாரும் அறிய மாட்டார்கள்.'

நான் வருத்தப்படவில்லை. கோபமாக இருந்தால் இருங்கள்.

குருவி

ஜூலை 19

குருவிக்கு,

மஞ்சள் சீட்டு எனக்குத் தெரியாது. தாளில் பெயர் இருக்காது, எண்தான். எல்லையைத் தாண்டிய எண்களை மட்டும் ஆலோசகருக்கு அனுப்புவோம். அவர் அந்த மாணவியைத் தனியாக, பாடவேளை முடிந்த பிறகு கூப்பிட வேண்டும் என்று கையேட்டில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறோம். தடித்த எழுத்தை யாரும் படிப்பதில்லை போலிருக்கிறது. பள்ளிக்கு எழுதியிருக்கிறேன்.

ஆனால் உன்மீது கோபம்தான். நீ செய்தது கெட்டிக்காரத்தனம், அதுதான் என்னைத் தொந்தரவு செய்கிறது. அரைகுறையாகச் செய்திருந்தால் நாலைந்து தாள்களாவது உண்மையாக இருந்திருக்கும். நீ நன்றாகச் சொல்லிக்கொடுத்துவிட்டாய். காய்ச்சலை வெறுக்கிறவர்கள் வெப்பமானியை உதறி வைப்பது போல ஒரு வகுப்பையே உதறி வைத்துவிட்டாய்.

என் கேள்விகள்மீது எனக்கே பெரிய நம்பிக்கை கிடையாது. இருபத்தைந்து வாக்கியங்களில் ஒரு பெண்ணின் மனது அடங்கும் என்று நான் சொன்னதில்லை. கூட்டங்களில் அப்படிச் சொல்கிறவர்களைப் பார்த்தால் எழுந்து வெளியே போகத் தோன்றும். ஆனாலும் யாருமே கேட்காத இடத்தில், ஒரு தாளாவது கேட்கிறது. அந்த அளவில்தான் இந்த வேலையைச் செய்கிறேன்.

இரண்டு நாட்களாக ஒரே யோசனை. வேலை ஓடவில்லை. எழுந்து நடக்கிறேன், திரும்ப வந்து அந்தத் தாள்களையே புரட்டுகிறேன். உங்கள் வகுப்பில் ஒருத்திக்கு நிஜமாகவே அந்தக் கேள்விகள் தேவைப்பட்டிருந்தால்? ஒரே ஒருத்திக்கு? அவள் தாளும் மற்ற தாள்களைப் போலவே அழகாக இருக்கிறது. எந்தத் தாள் என்று என்னால் கண்டுபிடிக்க முடியாது.

மாதக் கடைசியில் அறிக்கை. பத்து பி-யை நீக்கிவிடுவேன்.

அத்தை

ஜூலை 24

அத்தைக்கு,

இன்று எந்த முன்னுரையும் இல்லை. விளக்கை அணைப்பதற்குள் முடிக்க வேண்டும்.

நீங்கள் எழுதிய அந்த ஒருத்தி இருக்கிறாள். என் பக்கத்துக் கட்டில். நெட்டை.

உங்களுக்கு அவளைத் தெரியும். போன வருடம் உயரம் தாண்டுவதில் பரிசு வாங்கிய படத்தை அனுப்பினேனே, கம்பிக்கு மேலே காலை மடக்கிக்கொண்டு, அவள்தான். விடுமுறை முடிந்து வந்ததிலிருந்து தாண்டவில்லை. தாண்டும்போது போடுகிற ஷூவை ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாள். கலர் பென்சில் பெட்டி, நல்ல போர்வை, எல்லாம் ஒவ்வொருவருக்காகப் போகிறது. "எனக்கு எதுக்குடி?" என்கிறாள். எல்லோரும் அவளைத் தாராள மனசுக்காரி என்கிறார்கள். தட்டில் மிச்சம் வைக்கிறாள், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தனியாகப் போய் உட்காருகிறாள். நான் ஜோக் சொன்னால் சிரிக்கிறாள், ஆனால் கொஞ்சம் தாமதமாக. "என்னடி ஆச்சு?" என்றால், "என்ன ஆகணும்?" என்கிறாள். அவளுக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

தாள் கொடுப்பதற்கு முந்தின நாள் எல்லோரும் போன பிறகு என்னிடம் வந்தாள். "எனக்கு மட்டும் திரும்பச் சொல்லு. எந்தெந்தக் கட்டம்? தப்பு வரக் கூடாது" என்றாள். மஞ்சள் சீட்டுக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்துத் திரும்பச் சொன்னேன். எழுதிப் பார்த்தாள். நானே திருத்தினேன், அத்தை. வகுப்பிலேயே அவள் தாள்தான் மிகச் சரியாக இருக்கும்.

இதை யாரிடமும் சொல்லாதீர்கள். அவள் அப்பா ஏற்கெனவே, "மனசு கினசுன்னு ஏதாவது வந்தா பெட்டியைக் கட்டிக்கிட்டு வீட்டுக்கு வா, படிச்சது போதும்" என்று சொல்லியிருக்கிறார். ஆலோசகர் மேடத்துக்குத் தெரிந்தால் ஆபீஸுக்குத் தெரியும், ஆபீஸுக்குத் தெரிந்தால் அப்பாவுக்கு. இங்கே அவளை ஒழுங்காகக் கவனிக்கிறவர் விளையாட்டு டீச்சர் மட்டும்தான். அவரும் தினமும், "என்ன நெட்டை, கால்ல ஆணியா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்.

நீங்கள் யாரிடமும் எதுவும் சொல்லாதவர். அதனால்தான் அப்பாவுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். நான் அவளிடம் என்ன கேட்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். உங்களிடம் எவ்வளவோ கேள்விகள் இருக்கின்றன.

குருவி

ஜூலை 28
(உன் பள்ளியின் பார்வையாளர் அறையிலிருந்து)

குருவிக்கு,

உன் கடிதம் நேற்று மாலை கிடைத்தது. நின்றுகொண்டே படித்தேன். நீ கேட்டதைச் செய்யவில்லை. சொல்லிவிட்டேன்.

நேற்றே பள்ளிக்குப் போன் செய்து விளையாட்டு டீச்சரைக் கூப்பிட்டேன். ராத்திரி அவர் உங்கள் அறையில் வந்து படுத்தது, அவர் சொன்னது போலக் குழாய் ஒழுகியதால் அல்ல, நான் கேட்டுக்கொண்டதால். காலை முதல் பேருந்தில் நானும் வந்துவிட்டேன். உன்னைக் கூப்பிட்டால் அவளுக்குச் சந்தேகம் வரும். அதனால் உன்னைப் பார்க்காமல், கால் ஆடுகிற ஒரு மேசையில் இதை எழுதுகிறேன். எதிரே அறிவிப்புப் பலகை. 'மனநலத்தில் முதலிடம்: பத்து பி.' சுற்றிலும் ஜரிகைத் தாள் ஒட்டியிருக்கிறார்கள்.

விளையாட்டு டீச்சரோடு மைதானத்து ஓரத்தில் நின்று பேசினேன். விசில் கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. நான் சொல்லச் சொல்ல அவர் அதைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"எனக்கும் ஏதோ சரியில்லைன்னு பட்டுச்சுங்க. கூப்பிட்டு என்னன்னு கேக்கறது? சோகமா இருக்கியான்னா?"

"இல்லை. நேராவே கேளுங்க. உயிரோட இருக்க வேண்டாம்னு தோணுதான்னு கேளுங்க."

"ஐயோ, அப்படிக் கேட்டா நாமளே அந்த நினைப்பை எடுத்துக் குடுத்த மாதிரி ஆகாதா?"

"ஆகாது. எல்லாரும் பயப்படறது அதுதான். கேட்டா அந்த நினைப்பு வந்துடாது. கேக்காம இருந்தா அவ தனியா இருப்பா, அவ்வளவுதான். கேட்டுட்டு, பதில் வரும்வரைக்கும் எழுந்து போயிடாதீங்க."

"நீங்க கேட்டிருக்கீங்களா, யாரையாவது?"

"தாள்ல கேட்டிருக்கேன்" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு, "சரி, விளையாட்டுப் பாயெல்லாம் அடுக்கி வைக்கிற அறைக்கு அவளைக் கூப்பிடறேன். அங்க யாரும் வர மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

போய் நேரமாகிவிட்டது. இன்னும் வரவில்லை. மின்விசிறி ஓடுகிறதா என்று நாலைந்து முறை எழுந்து பார்த்துவிட்டேன். ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

சீட்டு கிடையாது, ஆபீஸ் கிடையாது என்று தலைமையாசிரியையிடம் பேசிவிட்டேன். முதலில் அவள் அம்மாவுக்குத்தான் சொல்வார்கள். அதற்குமேல் எதற்கும் நான் வாக்குக் கொடுக்க முடியாது.

நீ அவளிடம் கேட்க வேண்டிய கேள்வி எதுவும் இல்லை. அது பெரியவர்கள் வேலை. நீ பக்கத்தில் படு, போதும்.

டீச்சர் வருகிறார். முகத்தைப் பார்த்தால்

ஆகஸ்ட் 4

அத்தைக்கு,

பாதியில் நிறுத்திய உங்கள் கடிதத்தை விளையாட்டு டீச்சர் அன்றைக்கே கொடுத்தார். முடிக்காமல் ஏன் கொடுத்தனுப்பினீர்கள்? முடிவு எனக்குத் தெரிந்துவிடும் என்றா?

தெரிந்தது. நெட்டை 'ஆமாம்' என்றாளாம். அதற்குமேல் டீச்சர் சொல்லவில்லை. அன்று மாலைக்குள் அவள் அம்மா வந்துவிட்டார், வேலைக்குப் போன உடையிலேயே. நெட்டை பெட்டியை எடுக்க அறைக்கு வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. நான், "உன் சீப்பு" என்று நீட்டினேன். வாங்காமல் போனாள். லீவு லெட்டரில் காய்ச்சல் என்று இருக்கிறது. எல்லோரும் என்னிடம்தான் கேட்கிறார்கள். காய்ச்சல் என்று நானும் சொல்கிறேன்.

நீங்கள் செய்தது சரியாக இருக்கலாம். சரியாக இருப்பதைப் பற்றி நான் பேசவில்லை. ஒவ்வொரு தாளிலும் 'யாரும் அறிய மாட்டார்கள்' என்று அச்சடிக்கிறீர்கள். முன்பின் தெரியாத ஆயிரம் பேருக்குக் கொடுத்த வாக்கை, மேசையில் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி திருத்திய எனக்குக் கொடுக்க முடியவில்லையா? எந்த எண் யாருடையது என்றுகூடப் பார்க்க மாட்டேன் என்று எவ்வளவு பெருமையாகச் சொல்வீர்கள்!

அவள் போய் ஏழு நாள் ஆகிறது. அவளை வீட்டில் யார் பார்த்துக்கொள்கிறார்கள்? அவள் அப்பா என்ன சொன்னார்? எனக்கு எதுவும் தெரியாது. உங்களுக்குத் தெரிந்தாலும் இப்போது கேட்கமாட்டேன்.

பதில் எழுத வேண்டாம்.

ஆகஸ்ட் 9

குருவிக்கு,

எழுத வேண்டாம் என்றாய். சுருக்கமாக எழுதுகிறேன்.

தாளில் கொடுக்கிற வாக்கு எண்ணிக்கைக்காகக் கொடுப்பது. யார் என்று தெரியாதவரைதான் அதைக் காப்பாற்ற முடியும். நீ எழுதியதில் ஒரு பெண் இருந்தாள், அவளுக்கு ஒரு கட்டில் இருந்தது, அவள் ஷூவைக் கொடுத்துவிட்டாள். அதைப் படித்துவிட்டு அலமாரியில் பூட்டி வைக்க எனக்குத் தெரியவில்லை. இதை நீ ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதில்லை. கோபமாகவே இரு. அடுத்த முறை இப்படி ஒரு கடிதம் வந்தாலும் இதைத்தான் செய்வேன். இப்போதே தெரிந்து வைத்துக்கொள்.

அறிக்கை போய்விட்டது. பத்து பி-யின் விடைகளைப் பயன்படுத்த முடியாது என்று எழுதினேன். காரணம் என்ற இடத்தில், 'பிள்ளைகள் எங்களை நம்பவில்லை, நம்பாததற்கு அவர்களிடம் நியாயம் இருந்தது' என்று போட்டேன். குழுத் தலைவர் கூப்பிட்டு, "இது ஆராய்ச்சி அறிக்கையா, மன்னிப்புக் கடிதமா?" என்றார். மாற்ற மாட்டேன் என்றேன். சீட்டு கொடுக்கிற பள்ளிகளுக்கு இனி எண்களை அனுப்பப்போவதில்லை என்றும் சொன்னேன். அடுத்த வருடம் இந்த வேலை என்னிடம் இருக்குமா என்று தெரியாது. உன் பெயர் எங்கும் இல்லை.

உங்கள் தலைமையாசிரியை போன் செய்தார். "அப்போ பலகையில போட்டதை எடுத்துடணுமா மேடம்? பெற்றோர்லாம் பாத்துட்டாங்களே" என்றார். அது உங்கள் இஷ்டம் என்றேன்.

உன் தோழியைப் பற்றி விளையாட்டு டீச்சரிடம் ஒரு முறை கேட்டேன். அவள் அம்மாவோடு பெரியம்மா வீட்டில் இருக்கிறாள், மருத்துவரைப் பார்க்கிறாள். அவள் அப்பாவிடம் அம்மா, "டாக்டர் பேசற வரைக்கும் நீங்க பேசக் கூடாது" என்று சொல்லிவிட்டாராம். மற்றது எனக்கும் தெரியாது. இதை நீ கேட்கவில்லை. நானாகச் சொன்னேன்.

ஒவ்வொரு நாளும் தபால் வருகிற நேரத்துக்குக் கீழே இறங்கிப் போகிறேன். பக்கத்து அறைக்காரர், "என்ன மேடம், ஏதாவது எதிர்பாக்கறீங்களா?" என்கிறார். நடக்கப் போகிறேன் என்கிறேன்.

அத்தை

ஆகஸ்ட் 24

அன்புள்ள அத்தைக்கு,

இன்னும் கோபம் கொஞ்சம் இருக்கிறது. அதை அப்படியே வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. வார்டன் அம்மா என்னைக் கூப்பிட்டு, "உனக்குப் போன். உங்க வீடு இல்லை" என்றார். எடுத்தேன். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது.

"யாருடி சொன்னது?" என்றாள் நெட்டை.

உங்களைச் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்துவிட்டது. என் அத்தைதான், நான் சொல்லாதீங்கன்னுதான் எழுதினேன் என்று சொல்லியிருந்தால் பாதி உண்மை. "நான்தான்" என்றேன். உங்களைக் காப்பாற்றுவதற்காக இல்லை. எழுதியது நான்தானே.

அதற்குப் பிறகு ஆரம்பித்தாள் பாருங்கள்! "துரோகி. ஓட்டை வாய். உன் பக்கத்துல படுத்தேன் பாரு, என்னைச் செருப்பால அடிக்கணும். எங்க அம்மா என்னை பாத்ரூமுக்குக்கூடத் தனியா விட மாட்டேங்கறாங்க. பெரியம்மா மணிக்கொரு தரம் ஜூஸ் குடுக்கறாங்க, வயிறே தொட்டி மாதிரி ஆயிடுச்சு. அந்த டாக்டர் 'ம், சொல்லு', 'ம், சொல்லு'ன்னே உக்காந்திருக்காரு, எனக்கு எரிச்சலா வருது. எல்லாம் உன்னாலதான். நல்லவ மாதிரி மூஞ்சிய வச்சுக்கிட்டு..."

நிறுத்தவே இல்லை. இந்த வருடம் முழுக்க அவள் பேசியதை எல்லாம் சேர்த்தாலும் அவ்வளவு இருக்காது. சத்தம் வெளியே கேட்டு வார்டன் அம்மா கணக்கெழுதுவதை நிறுத்திவிட்டார். "யாரும்மா அது, இப்படிக் கத்தறது?" "ஃப்ரெண்டு மேடம்" என்றேன். "ஃப்ரெண்டா?" என்றார். நான் ரிசீவரைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டேன். அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. வார்டன் அம்மாவுக்கும் தெரியவில்லை, தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். "போதும், வை" என்றார் வார்டன் அம்மா.

"வைக்கச் சொல்றாங்கடி" என்றேன்.

"வை. நான் இன்னும் முடிக்கலை. மிச்சத்தை அடுத்த ஞாயித்துக்கிழமை திட்டறேன். எங்கயும் போயிடாத, நீ இருக்கணும்."

"நீயும் இருடி."

"பின்ன யாரு வந்து திட்டுவா?" என்று சொல்லிவிட்டு டொக்கென்று வைத்துவிட்டாள்.

குருவி